கசின்ஸ் கூட பீச் லீவா? பக்கெட் சண்டையில மாட்டிக்காதீங்க

ஆறு பசங்க, நாலு பெரியவங்க, ஒரே ஒரு சிகப்பு பக்கெட். போன லீவுல எங்க பீச் ட்ரிப் இப்படித்தான் ஆரம்பிச்சுது. என் பையனும் அவன் பெரியப்பா பையனும் அந்த பக்கெட்டோட கைப்பிடிய ஆளுக்கொரு பக்கம் இழுக்க, நாங்க நாலு பேரும் சுத்தி நின்னு பஞ்சாயத்து பண்ணிட்டு இருந்தோம், அப்ப சும்மா திரும்பி பாத்தா நாலு வயசு சின்னவ இடுப்பளவு தண்ணில நின்னு ஒரு செருப்பு மிதந்து போறத பாத்துட்டு இருக்கா. ஒண்ணும் ஆகல. ஆனா அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல. நாலு பேர் இருந்தும் ஒருத்தர் கண்ணு கூட கடல் பக்கம் இல்லையே!

அதனால முதல் தவறா நான் சொல்றது இதுதான்: "நெறைய பெரியவங்க இருக்கோம், யாராவது பாத்துப்பாங்க"ன்னு நினைக்கிறது. எல்லாரும் பாக்குறாங்கன்னா யாருமே பாக்கலன்னு அர்த்தம். தண்ணில மூழ்குற பிள்ள சினிமால வர்ற மாதிரி கைய ஆட்டி கத்தாது, மூச்சு விடவே வாய் பத்தாது, எங்க கத்துறது? தல பின்னாடி சாஞ்சு, வாய் தண்ணி மட்டத்துல, சத்தமே இல்லாம ஒரு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சு போயிடலாம். நாங்க இப்ப ஒரு அசிங்கமான பச்ச தொப்பி வச்சிருக்கோம். அது யார் தலைல இருக்கோ அவங்க 15 நிமிஷத்துக்கு போன் தொடக்கூடாது, பேச்சு கூடாது, முக்கியமா சண்டைய தீர்க்கக்கூடாது. மண்டை உடையட்டும் (சரி, அந்த அளவுக்கு வேணாம்), அத மத்தவங்க பாத்துப்பாங்க. ரொம்ப சின்ன பசங்கன்னா தொப்பியும் பத்தாது, கைக்கெட்டுற தூரத்துல ஒருத்தர் தண்ணிலயே நிக்கணும்.

இதோட ஒட்டிக்கிட்டு வர்ற இன்னொரு தப்பு, "நீதான பெரியவன், தம்பி தங்கச்சிய பாத்துக்கோ"ன்னு 11 வயசு பையன் கிட்ட விட்டுட்டு போறது. அவனே ஒரு குழந்த. அவனுக்கு கோபம் வந்தா தம்பிய விட்டுட்டு போயிடுவான், பாசம் வந்தா காப்பாத்துறேன்னு அவனும் குதிச்சிடுவான். ரெண்டாவதுதான் எனக்கு பயம். காப்பாத்த போனவங்களே மூழ்கிப் போறது உலகம் பூரா நடக்குது. அதனால பசங்களுக்கு முன்னாடியே சொல்லி வைங்க: யாராவது தண்ணில மாட்டிக்கிட்டா நீ உள்ள போகாத, கத்து, பெரியவங்கள கூப்பிடு, மிதக்குற எதையாவது தூக்கி போடு, பந்தோ காலி கேனோ எதுனாலும் சரி.

அலை இல்லாத இடம்தான் சேஃப்னு நினைக்கிறது பெரியவங்க கூட பண்ற தப்பு. ரெண்டு பக்கமும் வெள்ளையா அலை உடையுது, நடுவுல மட்டும் கொஞ்சம் கருப்பா, அமைதியா ஒரு சந்து மாதிரி தெரியுதுன்னா பசங்கள கூட்டிட்டு நேரா அங்கதான் போவோம். கரைக்கு வந்த தண்ணி எல்லாம் திரும்ப கடலுக்கு ஓடுற வழி பெரும்பாலும் அதுதான். நல்லா வலுவா இருந்தா நொடிக்கு 2 மீட்டருக்கு மேல இழுக்கும், அந்த வேகத்த எதிர்த்து ஒலிம்பிக் நீச்சல்காரரால கூட நீந்த முடியாது. அது ஆள கீழ இழுக்காது, வெளிய தான் இழுத்துட்டு போகும். அதனால பிள்ளைக்கு நாலே வார்த்த போதும்: "மல்லாக்க மித, கைய தூக்கு". நல்லா நீந்த தெரிஞ்சவங்க கரைய நோக்கி முட்டி மோதாம, கரைக்கு பக்கவாட்டுல நீந்தி வெளிய வந்து அப்புறம் அலையோட திரும்பலாம். லைஃப்கார்ட் இருக்குற பீச்சா பாத்து போங்க, சிகப்புக் கொடி பறந்தா அன்னிக்கு மணல் மட்டும்தான், எவ்வளவு அழுதாலும்.

காத்தடிச்ச வாத்து, டியூப், கைல மாட்டுற ஃப்ளோட் எல்லாம் பாதுகாப்பு சாமான் இல்ல, பொம்ம. கரையில இருந்து கடல் பக்கமா காத்து அடிச்சா வாத்து பிள்ளையோட சேர்ந்து கெளம்பிடும், அத தொரத்திட்டு இன்னொரு கசின் போவான். நீச்சல் டிரஸ் நீலத்துல வாங்காதீங்க, தண்ணிக்குள்ள ஆளே தெரியாது, பளீர்னு ஆரஞ்சு எடுங்க.

மணல்ல என்ன ஆபத்துன்னு கேப்பீங்க. குழி. யார் ஆழமா தோண்டுறாங்கன்னு ரெண்டு டீமா பிரிஞ்சு போட்டி போடும்போது நமக்கு நிம்மதியா இருக்கும், அப்பாடா சண்ட நின்னுச்சுன்னு. ஆனா ஈர மணல் காய காய ஓரம் சரியும், உள்ள உக்காந்திருக்கிற பிள்ள மேல விழுந்தா மணல் கனத்துக்கு சட்டுனு தோண்டி எடுக்க முடியாது. குழு­விலயே சின்னப் பிள்ளையோட முட்டி ஒசரத்துக்கு மேல குழி வேணாம், கெளம்பும்போது மூடிடுங்க.

சண்ட விஷயத்துக்கு வரேன். நம்ம பண்றதுலயே மோசமானது நீதிபதி ஆகுறது. "யார் முதல்ல எடுத்தா?"ன்னு கேட்டா ஆறு பேர் ஆறு கதை சொல்லுவாங்க, அதுல உங்க பிள்ளைக்கு நீங்க சப்போர்ட் பண்ணிட்டீங்கன்னு அண்ணிக்கு ஒரு மனஸ்தாபம் வரும், அது லீவு முடிஞ்சும் போகாது. பக்கெட்டும் மண்வாரியும் ஆளுக்கு ஒண்ணு, ஒரே கலர்ல, பேர் எழுதி வாங்கிடுங்க, பாதி கேஸ் தள்ளுபடி. மீதி பாதி பசியும் வெயிலும். சாயங்காலம் 4 மணிக்கு வர்ற சண்டைக்கு அறிவுரை வேணாம், நிழலும் திங்கிறதுக்கு ஏதாவதும் போதும். சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் 30க்கு மேல, 2 மணி நேரத்துக்கு ஒருக்கா, தண்ணில இருந்து வந்தா மறுபடியும், காதும் பாதமும் மறந்துடும்.

"அண்ணன பாரு எப்படி இருக்கான்"னு ஒப்பிட்டு பேசுனா அடுத்த நிமிஷமே அண்ணன் முதுகுல ஒரு குத்து விழும், கேரண்டி.

அப்புறம் "அத தொடாத, இங்க போகாத"ன்னு எல்லாத்தையும் தடுத்தா அட்வெஞ்சர் ஆசை வேற வழில வெளிய வரும், பாறை மேல ஏறி "தைரியம் இருந்தா குதிடா"ன்னு. அதுக்கு பதிலா நிஜமாவே ஒரு வேல குடுங்க. தண்ணி வந்து தொட்ட இடத்துல ஒரு குச்சி நட்டு வச்சு, 15 நிமிஷத்துக்கு ஒருக்கா போய் கடல் ஏறுதா இறங்குதான்னு பாக்க சொல்லுங்க, உங்க கூடவே போய். பெரும்பாலான இடத்துல ஏத்தத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவுல 6 மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல ஆகும். எங்க பசங்க இதுல பந்தயம் கட்டி, அரை நாள் ஒரு குச்சிய காவல் காத்தாங்க. கரையில ஒதுங்குன ஜெல்லிமீன மட்டும் குச்சியால கூட கெளற விடாதீங்க, செத்துப் போன ஜெல்லிமீன் கூட கொட்டும். கொட்டிட்டா தேய்க்காதீங்க, மண்ண போடாதீங்க, அந்த மூத்திர வைத்தியமும் வேணாம், கடல் தண்ணியாலயே கழுவிட்டு லைஃப்கார்ட் கிட்ட கூட்டிட்டு போங்க. மூச்சு தெணறுனா நேரா ஆஸ்பத்திரி.

கடைசியா, கெளம்பும்போது ஒவ்வொரு பையா பாருங்க. பொறுக்குன சிப்பி சங்குல எதுக்குள்ளயாவது ஆள் குடியிருக்கான்னு பாத்து, இருந்தா கடல்லயே விட்டுடுங்க. நாங்க பாக்கல. திரும்பி வர்ற வழில ரெண்டாவது நாள் கார்ல அடிச்ச நாத்தத்துக்கு யார் காரணம்னு இன்னும் ஆறு பேரும் ஒருத்தர ஒருத்தர் கைய காட்டிட்டு இருக்காங்க.