வீட்டு அட்வான்ஸ் திரும்பி வராதபோது: மூன்றாண்டுக் கெடுவைத் தவறவிடச் செய்யும் பிழைகள்

வடசென்னையில் ஒண்டுக்குடித்தனத்துக்குக் கொடுக்கும் அட்வான்ஸ்கூட, நகையை அடகு வைத்தோ சீட்டு எடுத்தோ புரட்டிய பணமாக இருப்பது வழக்கம். வீட்டைக் காலி செய்த பின் அந்தப் பணம் வரவில்லையென்றால், அதை வழக்குப் போட்டுக் கேட்பதற்கு 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் பொதுவாக மூன்று ஆண்டுகள் தருகிறது. அந்தக் கெடு கடந்தபின் வரும் வழக்கை, வீட்டு உரிமையாளர் அதைப் பற்றி வாய் திறக்காவிட்டாலும், நீதிமன்றம் தள்ளுபடி செய்தாக வேண்டும் என்பது அச்சட்டத்தின் 3-ஆவது பிரிவு. தாமதத்தை மன்னிக்கும்படி கேட்க வழிசெய்யும் 5-ஆவது பிரிவு மேல்முறையீடுகளுக்கும் மனுக்களுக்கும் உரியதே தவிர, புதிதாகத் தொடுக்கும் வழக்குக்கு உதவாது. உடம்பு சரியில்லாமல் இருந்தேன், சொந்த ஊருக்குப் போயிருந்தேன் என்ற காரணங்கள் எவ்வளவு உண்மையானவையாக இருந்தாலும் அங்கே எடுபடுவதில்லை.

முதல் பிழை, கெடு எந்த நாளில் தொடங்குகிறது என்பதைத் தமக்குச் சாதகமாகக் கணக்கிட்டுக்கொள்வது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், வாடகைதாரர் காலி செய்த ஒரு மாதத்துக்குள், அவர் தர வேண்டிய பாக்கிகளைக் கழித்துக்கொண்டு, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. 2023 ஜூன் 10 அன்று காலி செய்தவருக்கு ஜூலை 10 முதல்தான் கெடு ஓடும் என்று வாதிடலாம். ஒப்பந்தத்தில் வேறு தேதி எழுதியிருந்தால் அதைக் கொண்டும் வாதிடலாம். ‘நான் எழுத்தில் கேட்கவே இல்லை, ஆகவே கெடு இன்னும் தொடங்கவில்லை’ என்று சொல்பவர்களும் உண்டு. இந்த வாதங்கள் கடைசி நேரத்தில் கைகொடுக்கக் கூடும் என்றாலும், அவற்றை நம்பி நாளைக் கடத்துவது ஆபத்து. சாவியைக் கொடுத்த நாளையே தொடக்கமாக வைத்து, 2026 ஜூன் 10-க்கு முன் வழக்கு தாக்கலாகிவிட வேண்டும் என்று திட்டமிடுவதே நல்லது. அதற்காகவே சாவியைக் கொடுக்கும்போது தேதியோடு ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கி, மின் மீட்டரையும் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கெடுவின் கடைசி நாள் மே மாதக் கோடை விடுமுறையில் விழுந்தால், நீதிமன்றம் திறக்கும் நாளில் தாக்கல் செய்ய காலவரையறைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு இடம் தருகிறது. அந்த ஒரு நாளைத் தவறவிட்டால் மறு வாய்ப்பு இல்லை.

மிக அதிகமானோரைக் கவிழ்ப்பது வாய்வார்த்தை. ‘புது ஆள் குடி வரட்டும், அவங்க அட்வான்ஸை வாங்கி உங்களுக்குத் தந்துடறேன்மா’ என்று உரிமையாளர் சொல்வார். அது பொய்யாகவே இருக்க வேண்டும் என்பதில்லை, அவர் கையிலும் அப்போது பணம் இல்லாதிருக்கலாம். ஒரே தெருவில் முகம் பார்த்து வாழ்ந்தவர்கள் என்பதால், தண்டையார்பேட்டையிலோ காசிமேட்டிலோ யாரும் உடனே கறாராகப் பேசத் துணிவதில்லை. அப்படியே தீபாவளியும் பொங்கலும் மாறி மாறி வந்து போகும். எத்தனை முறை வாயால் ஒப்புக்கொண்டாலும் கெடு ஒரு நாள்கூட நீளாது. 18-ஆவது பிரிவின்படி, கெடு முடிவதற்கு முன் கடன்பட்டவர் எழுத்து மூலம் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் மட்டுமே அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று ஆண்டுகள் கிடைக்கும். வாட்ஸ்அப்பில் வந்த ‘அடுத்த மாசம் தரேன்’ என்ற செய்தியை ஆதாரமாகக் காட்டி வாதாடலாம். அதை அழிக்காமல் வைத்திருங்கள், ஆனால் அதுவே போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் வாங்குவதிலும் இதே சிக்கல் உண்டு. பாதித் தொகை வந்தால் கெடு புதிதாகத் தொடங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது உண்மைதான், ஆனால் கெடு முடிவதற்குள் பணம் தரப்பட்டிருக்க வேண்டும், பணம் கொடுத்ததைக் கொடுத்தவரே கைப்பட எழுதியோ கையெழுத்திட்டோ வைத்திருக்க வேண்டும் என்று 19-ஆவது பிரிவு இரண்டு நிபந்தனைகளை விதிக்கிறது. ரொக்கமாகப் பத்தாயிரம் வாங்கிக்கொண்டு வருவதால் பணம் குறையுமே தவிரக் காலம் கூடாது. வாங்கும்போதே ஒப்பந்தத்தின் பின்புறத்திலோ தனித் தாளிலோ, ‘நான் திருப்பித் தர வேண்டிய அட்வான்ஸ் ரூ.80,000-இல் இன்று ரூ.10,000 கொடுத்திருக்கிறேன், மீதி ரூ.70,000 பாக்கி உள்ளது’ என்று இரு தரப்புப் பெயரும், வீட்டு முகவரியும், தேதியும் சேர்த்து அவரையே எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். இதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் கெடு நின்றுவிடும் என்பதும் தவறான நம்பிக்கை. நோட்டீஸ் நல்ல ஆதாரம். அதைப் பார்த்ததும் பணம் தந்துவிடுபவர்களும் உண்டு. கெடுவை மட்டும் அது தொடாது. காவல் நிலையத்தில் கொடுத்த புகாரும் அப்படியே. கொடுக்கல் வாங்கல் விவகாரம், கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிடும்போது போன மாதங்கள் திரும்பிக் கிடைப்பதில்லை. கெடு ஓடத் தொடங்கிவிட்டால் பின்னால் வரும் இயலாமை எதுவும் அதை நிறுத்தாது என்று 9-ஆவது பிரிவு சொல்வதையும் மறக்கக் கூடாது. உரிமையாளர் இறந்துவிட்டால், அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கு வாரிசுகளிடம் கேட்கலாம், ஆனால் பழைய கெடுவுக்குள்தான்.

பணத்துக்குப் பதில் காசோலை கிடைத்தால் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். அதன் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். பணமில்லை என்று அது திரும்பினால், அந்தத் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸைப் பெற்ற 15 நாளுக்குள் அவர் பணம் தராவிட்டால், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நீதிமன்றத்தில் புகார் தாக்கலாக வேண்டும். ‘மறுபடி போடுங்க, இந்த முறை பாஸ் ஆகிடும்’ என்ற பேச்சில் இந்த நாட்கள் கரைந்துபோவது எளிது.

போகியத்துக்கு இருந்தவர்கள் தங்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் உண்டு என்று கேள்விப்பட்டிருப்பார்கள். சொத்தை அடமானமாகக் கொண்ட கடனுக்கு அந்தக் கெடு உண்டு. ஆனால் பதிவு செய்யப்படாத முத்திரைத்தாள் ஒப்பந்தத்தை அடமானம் என்று நிறுவுவது கடினம் என்பதால், அவர்களும் மூன்று ஆண்டுகள் என்றே வைத்துக்கொள்வது பாதுகாப்பு. கொரோனா காலத்துக்காக உச்ச நீதிமன்றம் விலக்களித்தது 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான நாட்களுக்கு மட்டுமே. அதற்குப் பின் காலி செய்தவருக்கு அதனால் பயன் இல்லை. கெடு முடிந்த பின் எழுதித் தரும் வெறும் ஒப்புதலுக்கும் வலுவில்லை. ஆனால், தருகிறேன் என்று தெளிவாக வாக்களித்து உரிமையாளர் எழுதிக் கையெழுத்திட்டால், ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆவது பிரிவின்படி அது புதிய ஒப்பந்தமாகச் செல்லும். அப்படி எழுதித் தருபவர்கள் அரிது.

எங்கே தாக்கல் செய்வது என்பதையும் முன்னதாகவே கேட்டு முடிவு செய்யுங்கள். 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தன் வரம்புக்குள் வரும் விவகாரங்களில் உரிமையியல் நீதிமன்றங்களை விலக்கி, வாடகை நீதிமன்றம் என்ற தனி அமைப்பை வைத்திருக்கிறது. திருவொற்றியூர், மாதவரம் போன்ற பகுதிகளுக்கு எந்த நீதிமன்றத்தின் எல்லை பொருந்தும் என்பதையும் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். நல்லெண்ணத்தோடும் முனைப்போடும் அதிகாரமற்ற நீதிமன்றத்தில் நடத்திய காலத்தைக் கழித்துக்கொள்ள காலவரையறைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு வழி விடுகிறது, ஆனால் அதை நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று தள்ளிப்போடவும் தேவையில்லை. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோர் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்கீழ் இலவச சட்ட உதவிக்கு விண்ணப்பிக்கலாம். இந்த உதவி கேட்டுப் பாரிமுனையில் உயர் நீதிமன்ற வளாகத்துக்குப் போகும்போது ஒப்பந்தம், அட்வான்ஸ் கொடுத்த ரசீது அல்லது வங்கிக் கணக்கு விவரம், காலி செய்த தேதிக்கான சான்று ஆகிய மூன்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.