கால்நடை, குதிரை அறிவியல் படிக்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொழிற்பயிற்சிக் காலம் வந்தால் செர்டாங் புத்ரா பல்கலைக்கழகத்திலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். கோலாலம்பூரைச் சுற்றியுள்ள சில பண்ணைகளுக்கும் குதிரை லாயங்களுக்கும் தீனித் திட்டம் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. வருகிறவர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் எங்கள் செட் செய்த அதே தவறுகளை, ஏறக்குறைய அதே வரிசையில் செய்கிறார்கள். பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் இதை எழுதுகிறேன்.

குதிரைக்குப் பின்னால் நிற்காதே, செருப்போடு கொட்டகைக்குள் வராதே, கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதே போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை முதல் நாளே யாராவது கத்திச் சொல்லிவிடுவார்கள். இல்லாவிட்டால் குதிரை சொல்லும்.

இது டாக்டர் படிப்பு அல்ல

மகள் செர்டாங்கில் மாட்டைப் பற்றிப் படிக்கிறாள் என்றதுமே வீட்டில் அவளை டாக்டராக்கி விடுகிறார்கள். கால்நடை மருத்துவம் ஐந்து ஆண்டுப் படிப்பு. முடித்த பிறகும், 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மலேசியக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிந்தால்தான் தொழில் செய்யலாம். கால்நடை அறிவியல் வேறு. தீனி, இனவிருத்தி, கொட்டகை, கணக்கு என்று மிருகம் நோயில் விழாமல் பார்த்துக்கொள்கிற படிப்பு அது.

கல்யாண வீட்டில் யாராவது டாக்டர் என்று கூப்பிட்டால் சிரித்துவிட்டுப் போகலாம். பண்ணைக்காரர் ஒருவர் “டாக்டர், இதுக்கு ஒரு ஊசி போட்டுட்டுப் போங்க” என்று சொல்லும்போதுதான் வில்லங்கம். அந்த மரியாதையில் மயங்கி ஊசியைக் கையில் எடுத்துவிடாதீர்கள். “நான் டாக்டர் இல்லீங்க, தீனி பாக்கிறவ” என்று சொல்லிப் பழகுங்கள்.

ஒரே மூட்டை, எல்லா வயிற்றுக்கும்

என்னை இன்னும் எரிச்சல்படுத்துகிற தவறு இதுதான். மூட்டையில் ‘புரதம் 16 விழுக்காடு’ என்று இருக்கிறது, விலையும் குறைவு, அப்படியானால் எல்லா மிருகத்துக்கும் போடலாம் என்ற நினைப்பு. தேர்வில் ‘ஏ’ வாங்கியவர்களும் இதில் விழுகிறார்கள்.

காஜாங்கைத் தாண்டி ஒரு பண்ணை. அந்த வீட்டில் தலைமுறையாக மாடு வைத்திருக்கிறார்கள். தீபாவளி விற்பனைக்கென்று ஒரு வருடம் செம்மறிகளை வாங்கி விட்டார்கள். அங்கே பயிற்சிக்குப் போன ஒரு தம்பி, மாட்டுக்குப் போடுகிற பிகேசி, அதாவது செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கையே செம்மறிக்கும் எழுதிக் கொடுத்தான். நம் நாட்டில் மலிவாகக் கிடைக்கிற நல்ல தீனி அது. மாட்டுக்குத் தாராளமாகப் போடலாம். செம்மறிகளும் நன்றாகத் தின்றன, சதை பிடித்தன. பண்ணைக்காரருக்கு ஒரே சந்தோஷம். தம்பி தன் அறிக்கையில் அதைத் தனி அத்தியாயமாகவே எழுதி வைத்திருந்தான்.

அப்புறம் ஒரு மழைநாளில் அவற்றை லாரியில் ஏற்றி வேறு கொட்டகைக்கு மாற்றினார்கள். இரண்டொரு நாளில் ஒரு செம்மறி மந்தையை விட்டு ஒதுங்கி நின்றது. கண் மஞ்சள், மூத்திரம் காப்பி நிறம். மறுநாள் அது செத்தது. அடுத்தது தொடங்கியது. அப்போதுதான் எனக்கு அழைப்பு வந்தது.

“அக்கா, நேத்து வரைக்கும் நல்லாத் தின்னுச்சு. ரத்தத்துல ஏதோ கிருமின்னு நினைக்கிறேன்.”

“என்ன தீனி?”

“பிகேசிதான் அக்கா. புரதம் போதுமா இருந்துச்சே.”

புரதத்தைப் பற்றி யார் கேட்டது? விஷயம் செம்பு. பிகேசியில் ஒரு கிலோவுக்குப் பெரும்பாலும் 20 மில்லிகிராமுக்கு மேல் செம்பு இருக்கும். மொத்தத் தீனியில் மாடு 40 வரை தாங்கும், செம்மறிக்கு 15தான் எல்லை. செம்மறியின் கல்லீரல் செம்பை வெளியே தள்ளத் தெரியாமல் சேர்த்து வைத்துக்கொள்ளும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஒரு அறிகுறியும் தெரியாது. மிருகம் கொழுகொழுவென்று இருக்கும். லாரிப் பயணம், மழை, பட்டினி என்று ஏதாவது ஓர் அதிர்ச்சி வந்தால் கல்லீரல் மொத்தத்தையும் ரத்தத்தில் கொட்டிவிடும். சிவப்பணுக்கள் உடையும். மஞ்சள் கண்ணும் காப்பி நிற மூத்திரமும் அதனால்தான். அந்த நிலையில் கால்நடை மருத்துவர் வந்தாலும் பெரிதாகக் காப்பாற்ற முடியாது. அறுத்துப் பார்த்தால் சிறுநீரகம் கருநீலமாக இருக்கும்.

இந்தத் தவறு விலை உயர்ந்தது என்பது அதனால்தான். தவறு நடந்த நாளுக்கும் தண்டனை கிடைக்கிற நாளுக்கும் நடுவே நல்ல பேர் கிடைக்கிற நாட்கள் இருக்கின்றன. அந்தப் பண்ணைக்காரர் போட்ட முதலில் பாதி கூட எடுக்கவில்லை. தம்பிக்குப் பயிற்சியில் மதிப்பெண் குறையவில்லை, ஏனென்றால் அறிக்கையை முன்பே கொடுத்துவிட்டான். எனக்கு இன்றும் ஆறாதது அது.

செம்மறிக்குப் பிகேசியே கூடாது என்று நான் சொல்லவில்லை. அளவைக் குறைத்து, புல்லும் வேறு தீனியும் சேர்த்து, செம்பைக் கட்டிப்போடுகிற மாலிப்டினம், கந்தகம், துத்தநாகம் ஆகியவற்றின் கணக்கைப் பார்த்துப் போடலாம். மாட்டுக்கு என்று கலந்த தாது உப்பை அதன்மேல் தூவக் கூடாது. அதில் செம்பு தனியாகச் சேர்த்திருப்பார்கள்.

இனி குதிரைக்கு வருவோம். செம்பில் குதிரை கெட்டி. செம்மறியைக் கொல்கிற அளவு அதற்கு ஒன்றுமே இல்லை. ஆனால் கோழிக்கும் மாட்டுக்கும் தீனியில் கலக்கிற மோனென்சின் என்ற மருந்து குதிரைக்கு எமன். உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 3 மில்லிகிராம் போனால் பாதிக் குதிரைகள் செத்துவிடும். 450 கிலோ குதிரைக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஒரு கிராம். கோழி இதைப்போல் பல மடங்கு தாங்கும். மோனென்சின் குதிரையின் இதயத் தசையைத் தின்னும், மாற்று மருந்து கிடையாது. பிழைத்த குதிரையும் மாதங்கள் கழித்து ஓட்டத்தின் நடுவே சுருண்டு விழலாம், மேலே ஆள் இருக்கும்போதே. ஆகவே லாயத்தில் தீனி தீர்ந்துவிட்டது, பக்கத்து மாட்டுக் கொட்டகையில் ஒரு வாளி வாங்கி இன்றைக்குச் சமாளிப்போம் என்ற பேச்சே வேண்டாம். ஒரு வேளைக்கு வெறும் புல்லும் தண்ணீரும் கொடுத்தால் குதிரைக்கு ஒன்றும் ஆகாது.

அந்தப் புரத எண்ணும் உங்களை ஏமாற்றும். ஆய்வகத்தில் நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கித்தான் புரதம் என்று எழுதுகிறார்கள். யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன். அதாவது 100 கிராம் யூரியா, காகிதத்தில் 287 கிராம் புரதம்! மாட்டின் முதல் இரைப்பையில் இருக்கிற நுண்ணுயிர்கள் யூரியாவை நிஜப் புரதமாக மாற்றிக்கொடுக்கும். குதிரையின் நொதிக்கூடம் பெருங்குடலில், பின்னால் இருக்கிறது. யூரியா அங்கே போய்ச் சேருவதற்குள் சிறுகுடலே பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். மூட்டையில் 16 என்று இருந்தாலும் குதிரைக்குக் கிடைப்பது அது அல்ல.

புல்லிலும் இதே கதை. செட்டேரியா போன்ற வெப்பமண்டலப் புற்களில் ஆக்சலேட் என்ற பொருள் அதிகம். மாட்டின் வயிற்று நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும். குதிரையிலோ அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு சாணியோடு போய்விடும். இதோடு நம் ஆட்கள் ஆசையாக அரிசித் தவிடும் போடுவார்கள். தவிட்டில் பாஸ்பரஸ் ஏராளம், சுண்ணாம்பு சொற்பம். உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுக்கத் தொடங்கும், முகத்து எலும்பு வீங்கும், குதிரை நொண்டும். பயிற்சிப் பிள்ளைகள் குளம்பைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது தீனித் தொட்டியை.

சரி, என்ன செய்வது? மூட்டையைத் தொடும் முன் அதில் எந்த மிருகத்தின் பெயர் இருக்கிறது என்று படியுங்கள். மருந்து கலந்ததா, செம்பு சேர்த்ததா என்று பாருங்கள். எழுதவில்லை என்றால் ஆலைக்குப் போன் செய்து கேளுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. கலவை இயந்திரத்தில் இதற்கு முன்னால் எது ஓடியது என்றும் கேளுங்கள். பல விபத்துகள் அந்த மிச்சத்தில்தான். தீனி அள்ளுகிற குவளை மிருகத்துக்கு ஒன்றாகத் தனித்தனி நிறத்தில் இருக்கட்டும்.

தண்ணீரை எடை போடுவது

புத்தகத்தில் குதிரை தன் எடையில் 2 விழுக்காடு உலர்பொருள், அதாவது தண்ணீர் நீங்கலான தீனி, தின்னும் என்று இருக்கும். 450 கிலோவுக்கு 9 கிலோ. காய்ந்த புல்லில் 90 விழுக்காடு உலர்பொருள், ஆகவே 10 கிலோ போட்டால் கணக்கு சரி. அதே 10 கிலோவைப் பச்சை நேப்பியர் புல்லில் போடுகிறவர்கள்தான் அதிகம். அன்று வெட்டிய நேப்பியரில் உலர்பொருள் 18 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் 50 கிலோ வேண்டும். மீதி எல்லாம் தண்ணீர்.

குதிரை மெலிந்ததும் பதறிப்போய்த் தானியத்தைக் கூட்டுகிறார்கள். குதிரையின் இரைப்பை 8 முதல் 15 லிட்டர்தான், வாந்தி எடுக்கவும் முடியாது. செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து, வயிற்று வலியாகவும் குளம்பு அழற்சியாகவும் திரும்பி வரும்.

வேர்க்காத குதிரை

இதைப் பெரும்பாலான வெளிநாட்டுப் புத்தகங்கள் ஓரத்தில்தான் சொல்லும். நமக்கு இது தினசரி விஷயம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து வருகிற குதிரைகள் சில இந்தப் புழுக்கத்தில் கொஞ்ச காலம் இருந்தபின் வேர்ப்பதையே நிறுத்திவிடும். ஓடி வந்து நிற்கும், தோல் காய்ந்திருக்கும், பிடரிமயிருக்கு அடியில் மட்டும் கொஞ்சம் ஈரம். புதியவர்கள் “பாருங்க அக்கா, வேர்க்கவே இல்ல, நல்ல ஃபிட்” என்பார்கள். மூக்குத் துளை விரிந்திருப்பதையும் விலா அடித்துக்கொள்வதையும் பார்க்க மாட்டார்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 8 முதல் 16 மூச்சுதான் இயல்பு.

நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள், காற்றாடியைப் போடுங்கள். சூடான குதிரைமேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் சதை பிடித்துக்கொள்ளும் என்று, லாயத்தில் குதிரையைப் பார்த்துக்கொள்கிற பழைய சைஸ்கள் தடுப்பார்கள். அது மட்டும் தவறு. மற்றபடி சைஸ் சொல்கிற எதையும் தட்டாதீர்கள். ‘இன்னைக்கு இது சரியா நிக்கல’ என்று அவர் சொன்னால் உடனே வெப்பமானியை எடுங்கள்.

கண்ணளவில் எடை

டேப் வாங்குங்கள். நெஞ்சுச் சுற்றளவை அதனாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பின்புற எலும்பு முனை வரையுள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் குதிரையின் எடை கிலோவில் வரும். எல்லாம் சென்டிமீட்டரில் அளக்க வேண்டும். 180 சுற்றளவு, 160 நீளம் என்றால் ஏறக்குறைய 436 கிலோ.

பச்சைப் பால்

குடிக்காதீர்கள். ஆட்டுப் பாலும்தான்.

குதிரை மட்டும் போதும் என்பது

இன்று இரட்டைக் கோபுரம் நிற்கிற இடத்தில் ஒரு காலத்தில் குதிரைகள் ஓடின. 1896இல் தொடங்கிய சிலாங்கூர் பந்தய மன்றத்தின் மைதானம் அது, பிறகு சுங்கை பெசிக்குப் போனது. சிங்கப்பூரில் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. வேலைச் சந்தை சுருங்குகிறது. குதிரைமேல் ஆசை இருந்தால் இருக்கட்டும், தேர்வுப் பாடங்களில் ஆடு மாட்டுத் தீனியையும் கோழியையும் விட்டுவிடாதீர்கள். என் வருமானத்தில் பெரும்பகுதி மாட்டிலிருந்துதான் வருகிறது.

ஒரே பூட்ஸோடு இரண்டு பண்ணை

காலையில் ஒரு பண்ணை, மத்தியானம் இன்னொன்று, நடுவில் பூட்ஸைப் புல்லில் தேய்த்துவிட்டுக் கிளம்புவது. 1998இல் ஈப்போ பக்கம் தொடங்கிய நிப்பா வைரஸ் நோய், பன்றிகளை லாரியில் நெகிரி செம்பிலானுக்குக் கொண்டுபோனபோது கூடவே போனது. முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுவை விரட்டிக்கொண்டிருந்தார்கள். 1999இல் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய வைரஸைப் பிரித்தெடுத்த பிறகுதான் உண்மை தெரிந்தது. இங்கே 105 பேர் இறந்தார்கள், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளை அழித்தார்கள். நீங்கள் பிறப்பதற்கு முன் நடந்தது என்பதால் அது பாடப்புத்தகக் கதை போலத் தெரிகிறது.

இரண்டு ஜோடி பூட்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சோப்புத் தண்ணீரில் அடிப்பக்கத்துப் பள்ளம் வரை பிரஷால் தேய்த்துக் கழுவிவிட்டு, அப்புறம் கிருமிநாசினியில் வையுங்கள். சாணி ஒட்டியிருந்தால் மருந்து வேலை செய்யாது.