இரண்டாம் காதுக்கு முன் மூன்றாம் காது: சபைச் சண்டைகளில் நாம் செய்யும் தவறுகள்

கிறிஸ்மஸுக்கு வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ் முடிந்து, சபையில் கணக்குப் பார்க்கிறார்கள். 4,500 ரூபாய்க்குப் பில் இல்லை. கவனித்தவர் முதலில் வீட்டில் சொல்கிறார். மறுநாள் பாடகர் குழுவில் ஒருவரிடம், அடுத்து செயலாளரிடம், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆயரிடம். ஒரு வாரம் கழித்து, கேட்கப்பட வேண்டிய ஒரே ஆளான பொருளாளரின் காதுக்கு விஷயம் வரும்போது, "பில் இல்லை" என்பது "பணத்தை எடுத்துவிட்டார்" என்று மாறியிருக்கும். பில் அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தாலும் இனி பயனில்லை. இப்போது அவர் காட்ட வேண்டியது பில்லை அல்ல, தன் நாணயத்தை.

"நீயும் அவனும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து" என்ற மத்தேயு 18:15 நம்மில் பலருக்கு மனப்பாடம். சறுக்குவது வரிசையில்தான். தனியாக, பிறகு இரண்டொருவரோடு, பிறகு சபையில் என்று வசனம் கீழிருந்து மேலே ஏறுகிறது. நாம் மேலிருந்து இறங்குகிறோம். பல சமயம் கீழ்ப்படி வரை வந்து சேர்வதே இல்லை.

ஜெபக்குறிப்பு என்ற மூடி

"அந்தக் குடும்பத்துக்காக ஜெபிச்சுக்கோங்க, அதிகமா சொல்ல முடியாது." இதைவிட வேகமாகப் பரவும் செய்தி சபையில் கிடையாது. சொல்லாமல் விட்டதைக் கேட்டவர்களே நிரப்பிக்கொள்வார்கள். அந்தக் குடும்பம் கேட்டுக்கொள்ளாத ஜெபக்குறிப்பை வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. ஜெபிக்க ஆண்டவருக்குப் பெயர் தெரிந்தால் போதும், குழுவில் இருக்கும் 180 பேருக்கும் தெரிய வேண்டியதில்லை.

யாராவது உங்களிடம் இப்படி வந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இதை அவங்ககிட்ட பேசிட்டீங்களா?" பேசவில்லை என்றால், "முதல்ல பேசுங்க. தனியா போகத் தயக்கமா இருந்தா அப்புறம் நான் கூட வரேன்." சபை மூப்பர்கள் எல்லாரும் இந்த ஒரு பதிலில் உறுதியாக நின்றால் சபைச் சண்டைகளில் பாதி அங்கேயே அடங்கிவிடும்.

பிரசங்க பீடத்திலிருந்து அடிப்பது

ஒருவரைக் கண்டிக்க வேண்டும், நேரில் சொல்லத் தைரியமில்லை, அந்த ஞாயிறு பிரசங்கத்தில் வைத்து அடித்துவிடுவது. இது ஆயர்களுக்கே உரிய தவறு. யாரைக் குறிவைத்தாரோ அவருக்கு அது தனக்குத்தான் என்று பல முறை புரிவதே இல்லை. சம்பந்தமில்லாத பத்துப் பேர் தங்களைத்தான் சொல்கிறார் என்று வீட்டுக்குப் போய் அழுவார்கள். புரிந்தவருக்கோ பதில் சொல்ல இடமில்லை, பீடத்தில் இருப்பது ஒரே ஒலிபெருக்கி. அடுத்த வாரத்திலிருந்து சபை வசனத்தைக் கேட்காது, "இன்னைக்கு யாருக்கு?" என்று தேடும். மேடையில் ஏறி ஜெபிப்பவர்களும், சாட்சி சொல்பவர்களும் இதையே கொஞ்சம் மென்மையாகச் செய்வதுண்டு.

எது பாவம், எது பிடிக்காதது

கண்டிக்கப் போகுமுன் விஷயத்தைத் தரம் பிரித்துக்கொள்ளுங்கள். டிரம்ஸ் சத்தம் அதிகம், அசனத்தில் (சபை விருந்தில்) சாம்பார் நீர்த்துவிட்டது, புது ஆயர் சங்கீதத்தைச் சுருக்கிவிட்டார் என்பவை விருப்பு வெறுப்பு. இவற்றுக்கு மத்தேயு 18 வேண்டாம், குழுக் கூட்டத்தில் ஒரு யோசனையாகச் சொன்னால் போதும். வணக்கம் சொன்னதைக் கவனிக்காமல் போனது, கல்யாணப் பத்திரிகையை நேரில் தராதது எல்லாம் சிறு காயம். குற்றத்தை மன்னிப்பது மனுஷனுக்கு மகிமை என்கிறது நீதிமொழிகள் 19:11; விட்டுவிட முடிந்தால் விடுங்கள். இரண்டு ஞாயிறு கழித்தும் அவரைப் பார்த்ததும் வேறு வாசலால் வெளியேறத் தோன்றினால், நீங்கள் விடவில்லை என்று அர்த்தம். அப்போது போய்ப் பேசத்தான் வேண்டும். பொய், பண மோசடி, அவதூறு, ஒழுக்கக்கேடு என்று வரும்போது விட்டுவிடுவது அன்பாகாது.

நான்காவது ஒன்றும் உண்டு: குற்றவியல் விஷயம். குழந்தையிடம் பாலியல் தீங்கு நடந்ததாகத் தெரிந்தால், அதைச் சபைக்குள் வைத்துத் தீர்க்க யாருக்கும் உரிமை இல்லை. 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டம் பிரிவு 19-ன்படி, தெரிந்தவர் யாராக இருந்தாலும் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் பிரிவு 21-ன் கீழ் 6 மாதம் வரை சிறை. நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழுள்ளவர் செய்ததை மறைத்தால் 1 வருடம் வரை. அந்தக் குழந்தையை "போய்த் தனியாப் பேசு, மன்னி" என்று அனுப்புவது வசனத்துக்குக் கீழ்ப்படிவதல்ல, இன்னொரு கொடுமை. குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். கணவனிடம் அடி வாங்கும் பெண்ணையும் "ஜெபத்தோடு பொறுத்துக்கொள்" என்று திருப்பி அனுப்பாதீர்கள். அவளுக்குப் பெண்கள் உதவி எண் 181 உண்டு, அன்றிரவு தங்க ஒரு வீட்டையும் சபைதான் பார்த்துத் தர வேண்டும்.

தனியாகப் பேசப் போகும்போது

கோபம் தணிய ஒரு நாள் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு வாரத்தைத் தாண்ட விடாதீர்கள். இடம் முக்கியம். ஆராதனை முடிந்து வண்டி எடுக்கும் இடத்தில் பேச ஆரம்பித்தால் நாலு பேர் நின்று பார்ப்பார்கள், இரண்டு பேருக்கும் முகம் காக்கும் வேலைதான் நடக்கும். அவர் வீடோ, ஒரு டீக்கடையோ மேல். எதிரில் இருப்பது ஆயரென்றால் சனிக்கிழமை இரவு வேண்டாம். ஆணும் பெண்ணுமாக இருந்தால் மூடிய அறை வேண்டாம். கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்காத தூரத்தில் வேறு ஆட்கள் இருக்கட்டும். நீண்ட வாட்ஸ்அப் செய்தியாக எழுதி அனுப்புவதும் வேண்டாம், அதன் ஸ்கிரீன்ஷாட் உங்களுக்கு முன்னால் சபைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

பேச்சின் முதல் வாக்கியத்தை வீட்டிலேயே தயார் செய்துகொள்ளுங்கள். அதில் நீங்கள் பார்த்தது இருக்கட்டும், முடிவு இருக்க வேண்டாம்.

"கணக்குல விளையாடியிருக்கீங்கன்னு எல்லாரும் பேசுறாங்க" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. "எல்லாரும்" யார் என்றுதான் அவர் கேட்பார்.

"அண்ணே, கேரல் கணக்குல ஜெனரேட்டர் வாடகைன்னு 4,500 இருக்கு, பில் எனக்குக் கண்ணுல படல. நான் சரியாப் பார்க்காம இருந்திருக்கலாம். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு தடவை பார்ப்போமா?" இது வேறு. தொகை இருக்கிறது, தான் தவறியிருக்கலாம் என்பதும் இருக்கிறது. இதற்குப் பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். பெரும்பாலோர் இங்கே கெடுக்கிறார்கள்: அவர் பதில் சொல்ல எடுக்கும் அந்த நிமிட அமைதியைத் தாங்க முடியாமல், போன வருஷ அசனக் கணக்கையும் சேர்த்து எடுத்துவிடுகிறார்கள். ஒரு சந்திப்புக்கு ஒரு விஷயம்தான்.

மூத்தவரிடம் பேசும் தொனி தனி. 1 தீமோத்தேயு 5:1 முதிர்வயதுள்ளவனைக் கடிந்துகொள்ளாமல் தகப்பனைப்போலப் புத்திசொல்லச் சொல்கிறது. நம் ஊரில் தகப்பனுக்கு யாரும் புத்திசொல்வதில்லை; "ஐயா, எனக்கு இது விளங்கல, நீங்கதான் சொல்லணும்" என்று கேட்பார்கள். இந்த வழக்கத்தைக் கோழைத்தனம் என்று தள்ள வேண்டாம், உண்மையைச் சொல்லாமலே திரும்பி வராதவரை.

குற்றத்தில் அகப்பட்டவனை "சீர்பொருந்தப்பண்ணுங்கள்" என்று கலாத்தியர் 6:1-ல் வரும் இடத்தில் கிரேக்க மூலத்தில் இருக்கும் வினைச்சொல்தான், மாற்கு 1:19-ல் யாக்கோபும் யோவானும் படவில் வலைகளைப் பழுதுபார்த்ததற்கும் வருகிறது. கடற்கரை ஊர்களில் இதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. வலையை மடியில் பரப்பி, கிழிசலைத் தேடி, நைந்த நூலை மட்டும் வெட்டி, சுற்றியுள்ள நல்ல கண்களோடு புது நூலை முடிச்சுப் போடுவார்கள். உட்கார்ந்து செய்கிற வேலை அது.

சாட்சிகளா, ஆதரவாளர்களா

முதல் பேச்சில் சரிவராவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிப்போகச் சொல்கிறது மத்தேயு 18-ன் 16-ம் வசனம். இங்கே நடக்கும் தவறு, தன் பக்கம் நிற்கும் மூன்று பேரைத் திரட்டிக்கொண்டு போவது. கதவைத் திறக்கிறவர் பார்ப்பது ஒரு படையை. இரண்டு மூன்று சாட்சிகள் என்ற வழக்கு உபாகமம் 19:15-லிருந்து வருகிறது. அந்த ஏற்பாடே ஒரே ஆளின் வாய்ச்சொல்லில் யாரும் குற்றவாளியாகிவிடக் கூடாது என்பதற்குத்தான். சாட்சிகள் குற்றஞ்சாட்டுபவரையும் சேர்த்தே எடைபோட வேண்டும். ஆகவே ஒருவராவது எதிர்த்தரப்பு நம்புகிறவராக இருக்கட்டும். இரண்டு பேருக்கும் சொந்தக்காரர், சம்பந்தி, கொடுக்கல் வாங்கல் உள்ளவர் வேண்டாம். பேசி முடித்ததும் ஒத்துக்கொண்டதை அரைப் பக்கத்தில் எழுதித் தேதி போட்டு இரு தரப்பும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்பதில்தான் இரண்டாம் சண்டை தொடங்கும்.

பவுல் பிலிப்பியில் இரண்டு பெண்களைச் சேர்த்துவைக்கிற விதத்தையும் கவனியுங்கள்: எயோதியாளுக்கும் புத்திசொல்லுகிறேன், சிந்திகேயாளுக்கும் புத்திசொல்லுகிறேன். ஒரு வினையில் இருவரையும் அடக்கியிருக்கலாம். இருவருக்கும் தனித்தனியே சொல்கிறார். யார் பக்கம் என்று கடைசி வரை தெரியவில்லை. பிறகு ஒரு கூட்டாளியைப் பெயர் சொல்லாமல் விளித்து, அவர்களுக்கு உதவி செய் என்கிறார்.

குற்றம் ஆயரிடம் இருந்தால்

"நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதிருங்கள்" என்ற சங்கீதம் 105:15-ஐக் கேடயமாகப் பிடிப்பதுண்டு. அந்தச் சங்கீதம் பேசுவது, சொந்த நிலம் இல்லாமல் தேசம் தேசமாய் அலைந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு குடும்பத்தை. ராஜாக்கள் அவர்களுக்குத் தீங்கு செய்யாதபடி தேவன் தடுத்ததை. கணக்குக் கேட்பதைத் தடுக்கும் வசனமல்ல அது. அபிஷேகம் பெற்ற ராஜாவான தாவீதிடம் தீர்க்கதரிசி நாத்தான் "நீயே அந்த மனுஷன்" என்று நேருக்கு நேர் சொன்னான்.

மறுபக்கத் தவறும் உண்டு. பெயரில்லாத மொட்டைக் கடிதத்தைப் பேராயருக்கு அனுப்புவது, யூடியூபில் பேசுவது. மூப்பனுக்கு விரோதமான பிராதை இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்காதே என்கிறது 1 தீமோத்தேயு 5:19; அடுத்த வசனமே, பாவஞ்செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்கிறது. ஆயர்களுக்கு 19 பிடிக்கும், அதிருப்தியாளர்களுக்கு 20 பிடிக்கும். இரண்டையும் ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். அந்தியோகியாவில் பவுல் பேதுருவை எல்லாருக்கும் முன்பாக எதிர்த்தார் என்றால், பேதுரு புறஜாதியாரோடு (யூதரல்லாதவரோடு) சாப்பிடுவதை விட்டு விலகியதும் எல்லாரும் பார்க்க நடந்ததுதான்.

ஆளைத் திருத்திப் பலனில்லாத இடம்

அப்போஸ்தலர் 6-ல் கிரேக்க மொழி பேசிய யூத விசுவாசிகள் முறுமுறுத்தார்கள், தங்கள் விதவைகள் அன்றாட உணவுப் பங்கீட்டில் விடப்பட்டார்கள் என்று. அப்போஸ்தலர்கள் "முறுமுறுக்காதீர்கள்" என்று பிரசங்கம் செய்யவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர். குறை சொன்ன தரப்பின் கையிலேயே பந்தியை ஒப்படைத்தது போலத்தான். பொருளாளர் ஒருவரே பணம் வாங்கி, எண்ணி, எழுதுகிற சபையில் வருடா வருடம் சந்தேகம் வரும், யார் பொருளாளராக இருந்தாலும். காணிக்கையை அன்றே இரண்டு குடும்பத்தார் எண்ணிக் கையெழுத்துப் போட்டால் அண்ணனிடம் பில் கேட்கும் நிலையே வராது.

சாதியும் இந்த வகைதான். அந்தச் சொல் கூட்டத்தில் வராது, குழுத் தேர்தல் பட்டியலில் வரும். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-ல் சபையில் சாதி வேற்றுமை கூடாதென்று சுற்றறிக்கை அனுப்பியபோது வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் பிரிந்து போனார்கள். இன்றும் "கொயர் பிரச்சினை" என்று பதிவாகும் பலவற்றின் அடியில் அதே கல் கிடக்கிறது. அதைத் தொடாமல் இரண்டு பாடகர்களைக் கைகுலுக்க வைத்தால் ஈஸ்டர் வரை தாங்கும்.

மன்னிப்பும் திரும்பி வருதலும்

"உங்க மனசு புண்பட்டிருந்தா மன்னிச்சிடுங்க" என்பது மன்னிப்பு அல்ல. குற்றம் புண்பட்டவரின் மனசில் இருப்பதாகச் சொல்கிறது. செய்ததைப் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும்: "விசாரிக்காம நாலு பேர்கிட்ட உங்களைத் திருடன்னு சொன்னேன். தப்பு. அந்த நாலு பேர்கிட்டயும் நானே போய்ச் சொல்றேன்." பேச்சு போன தூரம் வரை திருத்தமும் போக வேண்டும்.

ஒழுங்கு நடவடிக்கை தவிர்க்க முடியாமல் போனால், நற்கருணையிலிருந்து விலக்குவதோ பொறுப்பிலிருந்து நிறுத்துவதோ எதற்காக, எப்போது மறுபரிசீலனை, இடையில் யார் போய்ப் பார்ப்பார் என்ற மூன்றையும் எழுத்தில் கொடுங்கள். தேதி போடாத தண்டனை மறதியாகிவிடும். அந்த ஆளும் ஆறு மாதத்தில் வேறு சபையில் இருப்பார். தகப்பன் மேல் நடவடிக்கை என்பதற்காக மகளின் திருமண ஓலையை (சபையில் வாசிக்கும் திருமண அறிவிப்பை) நிறுத்துவது, கல்லறையில் இடம் மறுப்பது போன்றவை திருத்தமாகாது, பழிவாங்கல். சபைக்கும் செவிகொடாதவன் "ஆயக்காரனைப்போல (வரி வசூலிப்பவனைப்போல) இருப்பானாக" என்ற மத்தேயு 18:17-ஐ வைத்து முகம் திருப்பிக்கொள்பவர்கள், அந்தச் சுவிசேஷம் எவர் பெயரில் இருக்கிறதோ அந்த மத்தேயுவே ஆயத்துறையிலிருந்து அழைக்கப்பட்டவர் என்பதையும், இயேசு ஆயக்காரரோடு பந்தியிருந்ததையும் சேர்த்து வாசிக்கட்டும்.

கொரிந்து சபையில் தண்டிக்கப்பட்ட ஒருவனைப் பற்றிப் பவுல், இந்தத் தண்டனையே போதும், அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு மன்னித்து ஆறுதல் செய்யுங்கள் என்று எழுதினார். திரும்பி வருகிறவரின் முதல் ஞாயிறை ஏற்பாடு செய்யாமல் விடாதீர்கள். மூப்பர் ஒருவர் வீட்டுக்குப் போய் அழைத்து வரட்டும், அந்தக் குடும்பத்தோடு ஒரே பெஞ்சில் உட்காரட்டும். அறிவிப்பு இரண்டு வரி போதும்: "சகோதரர் மீண்டும் நம்மோடு திருவிருந்தில் பங்கு பெறுகிறார். விஷயம் முடிந்தது, இனி யாரும் அதைப் பேச வேண்டாம்." விவரம் சொல்லக் கூடாது. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது முதலில் அவரிடம் போய்ப் பேசுவது, பிராது கொடுத்தவராக இருக்கட்டும்.