கோவளத்தில் அலைச்சறுக்கு: முதல்முறை போகிறவர்களுக்கு

நண்பர்களோடு சர்ஃபிங் பழக, சென்னைக்குத் தெற்கே ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) இருக்கும் கோவளத்தைத்தான் நான் சொல்வேன். சொல்லிக்கொடுப்பவர்களில் பலர் அந்த ஊர் மீனவ இளைஞர்கள். நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதைக் கடலைப் பார்த்ததுமே சொல்லிவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் கடல் முரடாக இருக்கும், வேண்டாம். விடிந்ததும் போய்விடுங்கள்; காற்று கிளம்பினால் அலை கலைந்துவிடும்.

8, 9 அடி நீளத்தில், மேலே ஃபோம் வைத்த பலகையாகக் கேளுங்கள். அதன் கயிற்றை, பலகையில் நிற்கும்போது பின்னால் இருக்கும் காலில் கட்டுங்கள். இடுப்பளவுத் தண்ணீரும், உடைந்து நுரையாக வரும் அலையும் போதும்.

எழுந்து நிற்பதை மணலிலேயே பழகுங்கள். குப்புறப் படுத்து, உள்ளங்கைகளை விலாவுக்குப் பக்கத்தில் ஊன்றி, ஒரே மூச்சில் எழ வேண்டும். முட்டி போட்டு எழும் பழக்கம் வந்துவிட்டால் அப்புறம் லேசில் போகாது. நின்றதும் முழங்காலை மடக்கி, கரையைப் பாருங்கள். குனிந்து காலைப் பார்த்தால் விழுவது உறுதி.

விழும்போது தட்டையாக விழுங்கள். தண்ணீருக்கு மேலே வரும்போது கைகளால் தலையை மூடிக்கொள்ளுங்கள். உங்களுக்கும் அலைக்கும் நடுவில் பலகை இருக்கவே கூடாது. எல்லோரும் ஒரே அலையில் பாயாமல், ஒருவர் ஏற இன்னொருவர் பின்னாலிருந்து தள்ளிவிடுங்கள். நான் தள்ளிவிட்ட தோழி எழுந்து நின்றபோது போட்ட கூச்சல் இருக்கிறதே, நானே நின்ற மாதிரி சந்தோஷம்!