7:40 பேருந்துக்காக எழுதிய மனு

காலை 7:40 பேருந்து வாரத்தில் பாதி நாள் வராது. வந்தாலும் படியில் கால் வைக்க இடமிருக்காது. "பஸ் சரியாக வருவதில்லை" என்று 2 முறை மனு கொடுத்தேன், பதிலே இல்லை. அப்படிப் பொதுவாக எழுதினால் யாராலும் எதையும் சரிபார்க்க முடியாது என்பது அப்புறம்தான் புரிந்தது.

3 வாரம் நிறுத்தத்தில் நின்று நோட்டில் குறித்தேன்: தேதி, தடம் எண், வரவேண்டிய நேரம், வந்த நேரம், ஏற முடியாமல் நின்றவர்கள் எத்தனை பேர். மழையில் மை பரவிய பக்கத்தையும் நகலெடுத்து இணைத்தேன். கேட்டது ஒன்றே ஒன்றுதான்: 8 மணிக்கு இன்னொரு பேருந்து. கூட நின்ற 26 பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

மனுவுக்கு ரசீது எண் வாங்காமல் நகராதீர்கள். ஒவ்வொரு வாரமும் அந்த எண்ணைச் சொல்லித்தான் கேட்டேன். 6-வது வாரம் 8 மணி பேருந்து வந்தது. அன்று எல்லோருமே ஏறினோம்.