டெஸ்க்டாப் ஹேங் ஆகிறதா? ஃபார்மட் அடிக்க அவசரப்படாதீர்கள்

டெஸ்க்டாப் நினைத்த நேரத்தில் ஹேங் ஆகிறது என்றால் முதலில் காதில் விழுவது, "ஒரு தடவை ஃபார்மட் அடிச்சிடலாம்" என்பதுதான். விண்டோஸைப் புதிதாக ஏற்றிய பின் இரண்டு நாள் நன்றாக ஓடும். மூன்றாம் நாள் மவுஸ் மறுபடி நட்டநடுவே நின்றுவிடும்.

அந்த இரண்டு நாள்தான் ஆளை ஏமாற்றுவது. வாரத்துக்கு இரண்டு தடவை ஹேங் ஆகிற மெஷின், ஒன்றும் செய்யாமல் விட்டாலும் இரண்டு மூன்று நாள் ஒழுங்காகத்தான் ஓடும். கடைசியாக எதைச் செய்தோமோ அதற்கு நல்ல பெயர் கிடைத்துவிடுகிறது. அது ஃபார்மட்டாக இருக்கலாம், ஆன்டிவைரஸாக இருக்கலாம், கேபினெட்டுக்குக் காட்டிய ஊதுபத்தியாகவும் இருக்கலாம். எத்தனை நாளுக்கு ஒரு முறை ஹேங் ஆகிறது, அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். வழக்கமான இடைவெளியைப் போல மூன்று மடங்கு நாள் பிரச்சினை இல்லாமல் போன பிறகு சரியாகிவிட்டது என்று நம்பலாம். அதுவரை ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். ரேம், டிரைவர், கேபிள் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது.

ஃபார்மட்டில் இன்னொரு கெடுதல், இருந்த தடயம் எல்லாம் அழிந்துபோவது. விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் (Event Viewer) சிஸ்டம் பகுதியைத் திறந்து, ஹேங் ஆன நேரத்துக்குச் சற்று முந்தைய வரிகளைப் பாருங்கள். டிஸ்க் என்ற பெயரில் 7 அல்லது 153, டிஸ்க் கன்ட்ரோலர் பெயரில் 129 என்ற ஈவென்ட் ஐடி இருந்தால் சந்தேகம் ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டி அல்லது அவற்றின் கேபிள் மீது. வீயா-லாகர் (WHEA-Logger, ஹார்டுவேர் பிழைப் பதிவு) என்று வந்தால் பிராசசர், மதர்போர்டு, ரேம் பக்கம் போக வேண்டும். எதுவுமே பதிவாகாமல் நின்றிருந்தால் அதுவும் ஒரு தகவல்தான்: எழுதக்கூட அவகாசம் இல்லை என்று பொருள்.

இங்கே பலர் வழுக்கி விழுவது, அதே பட்டியலில் வரும் கெர்னல்-பவர் 41-ல். 'பவர்' என்ற சொல்லைப் பார்த்ததும் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) போய்விட்டது என்று புதிது வாங்கிவிடுகிறார்கள். முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பதைத் தவிர அந்த வரி வேறெதையும் சொல்வதில்லை. ஹேங் ஆனதும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தீர்களே, அதுவே 41-ஐப் பதிவாக்கிவிடும்.

அந்தப் பட்டனில் கை வைக்கும் முன் ஒரு நிமிடம் பொறுங்கள். கீபோர்டில் நம் லாக் (Num Lock) தட்டினால் விளக்கு மாறுகிறதா? மாறினால் உள்ளே உயிர் இருக்கிறது. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றோடு பி (B) சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும். திரை திரும்பி வந்தால் பழி டிஸ்ப்ளே பக்கம். அரை நிமிடம், ஒரு நிமிடம் கழித்துத் தானாகவே மீண்டால் பெரும்பாலும் டிஸ்க். விளக்கும் மாறாமல், ஓடிக்கொண்டிருந்த பாட்டு ஒரே இடத்தில் 'ட்ர்ர்ர்' என்று இழுத்தால் ஹார்டுவேரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

டிஸ்க் மீது சந்தேகம் வந்த உடனே செக்டிஸ்க் (chkdsk /r, விண்டோஸின் டிஸ்க் சோதனை) ஓட்டுவது ஆபத்தான அவசரம். சாகக் கிடக்கும் டிஸ்க்கை மூலைமுடுக்கெல்லாம் படிக்கச் சொன்னால் அது அதிலேயே போய்விடலாம். முதலில் போட்டோ, கணக்கு வழக்கு எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு காப்பி எடுங்கள். அப்புறம் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். ஹார்டு டிஸ்க்கில் கெட்டுப்போன இடங்களை எண்ணும் 05, சி5 (C5) வரிசைகளில் எண் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்குக்கு நாள் நெருங்கிவிட்டது. தகவல் போய்வரும் வழியில் வந்த பிழைகளை எண்ணும் சி7 (C7) மட்டும் ஏறினால் டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டாம், பெரும்பாலும் சாட்டா கேபிளை மாற்றினாலே போதும். சி7 எண் ஒருபோதும் குறையாது. கேபிள் மாற்றிய பின் மேலும் ஏறுகிறதா என்பதுதான் கேள்வி.

ரேம் என்றால் நம் ஊர் வைத்தியம் ரப்பர். கழற்றி, தங்க நிறக் கால்களை அழிரப்பரால் தேய்த்து மாட்டுவார்கள். பல சமயம் வேலையும் செய்யும், ஆனால் குணம் பெரும்பாலும் ரப்பரில் இல்லை. கழற்றி மறுபடி அழுத்தமாக மாட்டியதில் இருக்கிறது. ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் புதுத் தலைவலி. விண்டோஸோடு வரும் மெமரி டெஸ்ட் ஒரு சுற்று தேறிவிட்டதும் ரேமை விட்டுவிடுவதும் தவறு. ரேம் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்86+ ஐ பென் டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு எரர் வந்தாலும் அது எரர்தான். பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் மதர்போர்டு அமைப்பில்) எக்ஸ்எம்பி, அதாவது ரேமை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டும் அமைப்பு, போட்டிருந்தால் அதை அணைத்தும் பாருங்கள். பெட்டியில் 3200 என்று அச்சிட்டிருப்பது பல சமயம் எக்ஸ்எம்பி வேகம்தான். எல்லா மதர்போர்டும் அதைத் தாங்கும் என்று உத்தரவாதம் இல்லை.

சூடு பற்றி நிறையப் பேர் பயப்படுகிறார்கள். இன்றைய பிராசசர்கள் 100 டிகிரியை நெருங்கினால் தாமாகவே வேகத்தைக் குறைக்கும், மீறினால் அணைந்துபோகும். அப்படியே உறைந்து நிற்பது குறைவு. சூட்டுக்குப் பயந்து தூசி போக ப்ளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழல விடாதீர்கள்.

முழுச் சுமை ஏற்றிப் பார்க்கும் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் தேறிவிட்டது, ஆகவே ஹார்டுவேர் நலம் என்பதும் சரியில்லை. 2017-ல் வந்த ஏஎம்டியின் முதல் தலைமுறை ரைசன் பிராசசர்கள் சில, லினக்ஸில் சும்மா இருக்கும்போது மட்டும் உறைந்தன. சுமை ஏற்றினால் நன்றாக ஓடின. பயாஸில் பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோலை 'டிபிகல் கரன்ட்' என்று மாற்றியதும் பலருக்குச் சரியானது.

பயாஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடுவதும் சில மெஷின்களில் நஷ்டத்தில் முடியும். இன்டெலின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர் சிப்கள் பலவற்றில் தேவைக்கு மேல் வோல்டேஜ் போய் நிலை குலைவதை 2024-ல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, பயாஸ் அப்டேட் வழியே வரும் மைக்ரோகோடு (சிப்பின் உள் கட்டளைகள்) திருத்தம் வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டியது. ஏற்கெனவே கெட்ட சிப்பை அந்தத் திருத்தம் மீட்காது, வாரண்டியில் மாற்றத்தான் வேண்டும். ஆனால் ஹேங் ஆகும் விண்டோஸுக்குள் இருந்துகொண்டு பயாஸை அப்டேட் செய்யாதீர்கள். பாதியில் நின்றால் போர்டே போய்விடலாம். எக்ஸ்எம்பியை அணைத்து, யுபிஎஸ்ஸில் மாட்டி, பென் டிரைவை வைத்து பயாஸுக்குள் இருக்கும் ஃபிளாஷ் வசதியிலேயே செய்யுங்கள்.