லினக்ஸில் உக்ரைனிய விசைப்பலகை, பழைய கோப்புகளின் குறியாக்கம்: படிப்படியாக

டெபியன், உபுண்டு, மின்ட் மூன்றுக்கும் இந்த முறை பொருந்தும். டெர்மினலைத் திறக்கவும் சூடோ கொடுக்கவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. உக்ரைனியத்தில் உள்ள, ஆனால் ரஷ்யனில் இல்லாத எழுத்துகள் நான்கு (அடைப்புக்குறிக்குள் யூனிகோட் எண்கள்): கொக்கி வைத்த கெ (யூ+0491), யெ (யூ+0454), ஒற்றைப் புள்ளி இ (யூ+0456), இரட்டைப் புள்ளி யி (யூ+0457). எந்தப் படியை முடித்தாலும் இந்த நான்கையும் அபாஸ்ட்ரஃபியையும் அடித்துப் பாருங்கள். மற்ற எழுத்துகள் ரஷ்ய அமைப்பிலேயே வந்துவிடும் என்பதால், அவை சரியாகத் தெரிவதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

படி 1: லொக்கேல்

லொக்கேல் என்பது மொழி, நாடு, குறியாக்கம் மூன்றையும் கணினிக்குச் சொல்லும் அமைப்பு. டிபிகேஜி-ரீகன்ஃபிகர் லொக்கேல்ஸ் கட்டளையை சூடோவுடன் இயக்குங்கள். பட்டியலில் உக்ரைனுக்கு இரண்டு வரிகள் இருக்கும். பின்னொட்டு எதுவும் இல்லாத "யூகே_யூஏ" பழைய கேஓஐ8-யூ குறியாக்கத்துக்கு (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறைகளில் ஒன்று) உரியது, அதைத் தொடாதீர்கள். யூடிஎஃப்-8 என்று முடிவதை மட்டும் தேர்ந்தெடுங்கள். கணினியின் மெனு மொழியை மாற்ற வேண்டிய அவசியமில்லை.

படி 2: விசைப்பலகை

பலரும் சிக்கிக்கொள்வது இங்கேதான். உக்ரைனிய மொழியின் குறியீடு யூகே, உக்ரைன் நாட்டின் குறியீடு யூஏ. லொக்கேல் மொழியில் தொடங்கும், விசைகளின் அமைப்பான லேஅவுட்டோ நாட்டின் குறியீட்டைத்தான் கேட்கும். கருப்புத் திரைக் கன்சோலில் லோட்கீஸ் கட்டளைக்கு யூகே என்று கொடுத்தால் பிழைச்செய்தி எதுவும் வராது, பிரிட்டன் விசைப்பலகை ஏறிவிடும். அதனால் தவறு எங்கே என்றே தெரியாது. லேஅவுட் என்று வரும் இடமெல்லாம் யூஏ என்றே கொடுங்கள்.

/இடிசி/டிஃபால்ட்/கீபோர்டு கோப்பைத் திறந்து லேஅவுட் வரியில் "யூஎஸ்,யூஏ" என்று எழுதுங்கள். காற்புள்ளிக்குப் பின் இடைவெளி வேண்டாம். யூஎஸ் முதலில்தான் இருக்க வேண்டும். யூஏ முதலில் வந்தால் உள்நுழைவுத் திரையில் ஆங்கிலப் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் அடிக்க முடியாமல் வெளியே நிற்பீர்கள்.

வேரியன்ட் (லேஅவுட்டின் உள்வகை) வரியை வெறுமையாக விடலாம். விண்டோஸ் பழக்கத்துக்காக வின்கீஸ் வேண்டுமென்றால் ",வின்கீஸ்" என்று காற்புள்ளியில் தொடங்குங்கள். காற்புள்ளி விடுபட்டால் அந்த வேரியன்ட் முதல் லேஅவுட்டான ஆங்கிலத்தோடு சேர்ந்துகொள்ளும். அங்கே அப்படி ஒன்று இல்லாததால் அமைப்பு குழம்பும்.

மொழி மாற்ற நான் பரிந்துரைப்பது கேப்ஸ்லாக் விசையை: ஆப்ஷன்ஸ் வரியில் "ஜிஆர்பி:கேப்ஸ்_டாகிள்". ஆல்ட்-ஷிஃப்ட் பல மென்பொருள்களின் குறுக்குவழிகளோடு மோதும். ஒலிப்பை ஒட்டி ஆங்கில விசைகளில் அமைந்த ஃபொனெடிக் வேரியன்டையும் தவிர்த்துவிடுங்கள். தொடக்கத்தில் சுலபமாக இருக்கும். ஆனால் உக்ரைனியர் ஒருவரின் கணினியில் உட்கார்ந்தால் கை ஓடாது.

பொதுவான லேஅவுட்டில் ஒற்றைப் புள்ளி இ ஆங்கில எஸ் விசையிலும், இரட்டைப் புள்ளி யி வலது சதுர அடைப்பு விசையிலும், யெ மேற்கோள் விசையிலும் இருக்கும். கொக்கி வைத்த கெ வேரியன்டுக்கு ஏற்ப இடம் மாறும். பின்சாய்கோட்டு விசையையும், வலது ஆல்ட்டோடு ஆங்கில யூ விசையையும் அழுத்திப் பாருங்கள்.

வட்டு மறையாக்கம் (என்கிரிப்ட்) செய்யப்பட்ட கணினி என்றால், மாற்றம் முடிந்ததும் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையை -யூ விருப்பத்தோடு ஓட்டுங்கள். இல்லாவிட்டால் பூட் நேரத்தில் பழைய விசைப்பலகையே இருக்கும்.

படி 3: கன்சோல் எழுத்துரு

கன்சோல்-செட்டப்பை ரீகன்ஃபிகர் செய்து, யூடிஎஃப்-8, பிறகு ஸ்லாவிக் மொழிகளுக்கான சிரிலிக் தொகுதி. அவ்வளவுதான்.

படி 4: பழைய கோப்புகள்

யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி, டாப் காலத்துத் தமிழ்க் கோப்புகளோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்தத் தலைவலி பழக்கமானது. குறியாக்கத்தை மாற்றும் ஐகான்வி கட்டளைதான் மருந்து, ஆனால் மூலக் குறியாக்கம் எது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். கோப்பைத் திறந்து அடையாளம் பாருங்கள்:

- சிறிய எழுத்துகளாக இருக்க வேண்டிய உரை முழுக்கப் பெரிய எழுத்துக் குப்பையாகத் தெரிந்தால், விண்டோஸ்-1251-உம் கேஓஐ8-உம் இடம் மாறியிருக்கின்றன. இரண்டிலும் பெரிய, சிறிய எழுத்துகளின் இடங்கள் நேர்மாறானவை.
- உரை படிக்க வருகிறது, ஆனால் நம் நான்கு எழுத்துகள் வரும் இடங்களில் மட்டும் கட்டம் வரையும் கோடுகள் நிற்கின்றன என்றால், கேஓஐ8-யூ கோப்பை கேஓஐ8-ஆர் என்று திறந்திருக்கிறீர்கள்.
- ஒன்றுவிட்டு ஒன்றாக ஆங்கிலப் பி, சி போன்ற எழுத்துகள் வந்தால், அது ஏற்கெனவே யூடிஎஃப்-8. விண்டோஸ்-1251 என்று எண்ணித் திறந்திருக்கிறீர்கள். மாற்றவே கூடாது.

ஐஎஸ்ஓ 8859-5-ஐ இலக்காக ஒருபோதும் வைக்காதீர்கள். கொக்கி வைத்த கெ 1933-இல் சோவியத் ஆட்சியில் எழுத்து முறையிலிருந்து நீக்கப்பட்டு, 1990-இல்தான் திரும்பியது. 1988-இல் வந்த இந்தத் தரத்தில் அதற்கு இடமே இல்லை. அந்த எழுத்துக்கு நேர்ந்தது கணினிக்குள்ளும் தொடர விடக்கூடாது. எல்லாவற்றுக்கும் யூடிஎஃப்-8 என்று பிடிவாதமாக இருங்கள்.

ஐகான்வியின் வெளியீட்டை அதே கோப்புப் பெயருக்குத் திருப்பினால், படிக்கும் முன்பே ஷெல் கோப்பைக் காலியாக்கிவிடும். வேறு பெயரில் எழுதி, சரிபார்த்த பிறகு பழையதை நீக்குங்கள்.

விண்டோஸிலிருந்து வரும் ஜிப் கோப்புகளில் பெயர்கள் மட்டும் சிதைந்திருந்தால், அன்ஜிப் கட்டளைக்குப் பெரிய ஓ விருப்பத்தில் சிபி866 (டாஸ் காலத்துச் சிரிலிக் குறியாக்கம்) கொடுங்கள். சிபி866-இல் ஒற்றைப் புள்ளி இ கிடையாது. அது வரும் பெயர்களைக் கையால்தான் திருத்த வேண்டும்.

பின்சேர்க்கை 1: கோப்பில் மாற்றியும் க்னோம் டெஸ்க்டாப்பில் உக்ரைனியம் வரவில்லையா? க்னோம் பயனருக்கென்று தனி அமைப்பு வைத்திருக்கிறது. செட்டிங்ஸில் கீபோர்டு பகுதிக்குப் போய் உக்ரைனியத்தை உள்ளீட்டு மூலமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். புதிய திரைக்காட்சி அமைப்பான வேலாண்ட் அமர்வில், விசைப்பலகையை மாற்றும் பழைய கட்டளையான செட்எக்ஸ்கேபிமேப்பை நம்ப வேண்டாம்.

பின்சேர்க்கை 2: கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் சொல் தேடலில் அகப்படாவிட்டால் அபாஸ்ட்ரஃபியைப் பாருங்கள். யூ+0027, யூ+2019, யூ+02பிசி மூன்றும் புழக்கத்தில் உள்ளன. ஒரு திட்டத்துக்கு ஒன்று என்று முடிவு செய்து மற்றவற்றை செட் (எஸ்-இ-டி) கட்டளையால் மாற்றிவிடுங்கள். கேஓஐ8-யூவில் முதலாவது மட்டுமே உண்டு. மற்ற இரண்டில் ஒன்று இருந்தாலும் ஐகான்வி அந்த இடத்தில் பிழை காட்டி நின்றுவிடும்.